வகுப்புக்கு ஒரு வாத்தியார் எங்கே?

பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்துவிட்டால் உழைப்பாளி வீட்டில் ஒரு விவாதம் ஆரம்பமாகிவிடுகிறது. ஊரில் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்ப்பதா? அல்லது மஞ்சள் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிற இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா? "நாம்தான் படிக்கவில்லை, இதுவாவது நாலெழுத்து படிக்கட்டும்" என்கிறாள் தாய். "சர்க்கார் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லையாம்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். சீட்டை எடுக்கலாமா, தோட்டை அடகு வைக்கலாமா, மில்லில் முன்பணம் கேட்கலாமா என்று தகப்பன் விரல் விட்டு எண்ணுகிறான்.

இது ஏதோ ஒரு குடும்பத்தின் சொந்த விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வோர் ஆண்டும் பல்லாயிரம் வீடுகளில் இதே விவாதம் நடக்கிறது. அந்த வீடுகள் எடுக்கிற முடிவைப் பொறுத்துத்தான் ஊரில் பள்ளிக்கூடம் நிற்குமா, பூட்டு விழுமா என்பது தீர்மானமாகிறது. ஆகவே இதைப் பற்றி நமது பத்திரிகை பேசியாக வேண்டும்.

முதலில், இன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். ஏனென்றால், இளம் பெற்றோரில் பலர் தாங்கள் ஐந்தாம் வகுப்பை முடித்து வெளியே வந்த பிறகு அந்த வாசற்படியை மிதித்ததே இல்லை. கேள்விப்பட்டதை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

காலையில் சூடான உப்புமாவோ, கிச்சடியோ, பொங்கலோ பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. இந்தக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டது. முதலில் 1,545 பள்ளிகளில் மட்டும் நடந்தது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா சர்க்கார் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 2024 ஜூலையில் கிராமப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. மத்தியானம் சாப்பாடும் முட்டையும் உண்டு. பாடப் புத்தகம், நோட்டு, பை, செருப்பு, நாலு சோடி சீருடை எல்லாம் காசில்லாமல் கிடைக்கும்.

விடியற்காலை ஷிப்டுக்குப் போகிற தாய்க்கும், கிழக்கு வெளுக்கும் முன் நாற்றுப் பறிக்கப் போகிற தாய்க்கும் காலை உணவின் அருமை தெரியும். மேடைப் பேச்சைக் கேட்டு அவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. முன்பெல்லாம் பழைய சோறு இருந்தால் அதைத் தின்றுவிட்டு, இல்லாவிட்டால் வெறும் வயிற்றோடு வந்து, பத்து மணிக்கே சுவரில் சாய்ந்து தூங்குகிற பிள்ளையை எந்த வாத்தியாரால் எழுப்பிப் பாடம் சொல்ல முடிந்தது?

இதை யாரோ ஒரு முதலமைச்சரின் கருணை என்று சொல்வோர் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. சோறும் புத்தகமும் இந்த நாட்டு ஏழை மக்கள் பல தலைமுறையாகக் கேட்டு வாங்கியவை. 1920இல் சென்னை நகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கியது. 1956இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு எட்டயபுரத்தில் ஆரம்பமாயிற்று. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதன் மேல் கை வைக்க முடியாமல், கூட்டிக்கொண்டே போக வேண்டியதாயிற்று. காரணம், கீழேயிருந்து மக்கள் கண்காணித்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய கதை தெரியாத வாலிபர்களுக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1953இல் ராஜாஜி சர்க்கார் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கிராமத்துப் பிள்ளைகள் அரை நாள் பள்ளிக்கூடத்தில் இருந்தால் போதும், மீதி அரை நாள் தகப்பன் செய்கிற தொழிலைப் பழகட்டும் என்றது அந்தத் திட்டம். செருப்புத் தைக்கிறவன் மகன் செருப்புத் தைக்க வேண்டும், வண்ணான் மகன் வெளுக்க வேண்டும் என்பதுதானே இதன் அர்த்தம்? குலக்கல்வி என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். கம்யூனிஸ்டுகளும் திராவிட இயக்கத்தினரும் எதிர்த்தார்கள், காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954இல் ராஜாஜி பதவியை விட்டு இறங்க, அடுத்து வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். கீழத் தஞ்சையில் செங்கொடி நுழைவதற்கு முன்னால் பண்ணையாளின் பிள்ளைக்குப் பண்ணை மாடு மேய்ப்பதுதான் படிப்பு. அந்தப் பிள்ளையின் பேரப் பிள்ளை இன்று பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கிறது. அதற்கு எவ்வளவு பேர் அடிபட்டார்கள் என்பதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

சோற்றைப் பற்றிப் பேசும்போது ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. காலை உணவைச் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள், பெரும்பாலும் அதே பள்ளியில் படிக்கிற பிள்ளைகளின் தாய்மார்கள். 2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில், சமைப்பவர் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண் என்பதற்காகப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்தார்கள். மந்திரியும் கலெக்டரும் எம்.பி.யும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டி வந்தது. 2018இல் அவிநாசிப் பக்கத்திலும் சத்துணவு சமைக்கும் பெண் ஒருவருக்கு இதே கொடுமை நடந்தது. அவரை எதிர்த்தவர்கள் எல்லோரும் மிராசுதார்களா? இல்லை. அன்றாடங்காய்ச்சிகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். மில்லில் ஒரே மிஷினில் வேலை செய்து, ஒரே குழாயில் தண்ணீர் குடித்து, சங்கத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்கிற நாம், ஊருக்குத் திரும்பியதும் பிள்ளையின் தட்டில் சாதியைப் பார்த்தால் எந்த முகத்தோடு பள்ளிக்கூடம் கேட்பது? இந்த விஷயத்தில் தயவு தாட்சண்யம் கிடையாது. எங்கே இப்படி நடந்தாலும் நம் சங்கத் தோழர்கள் அந்தச் சமையல்காரப் பெண்ணின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

சரி, சோறு இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. பிறகு ஏன் பிள்ளைகள் குறைகிறார்கள்?

2019இல் ஒரு பிள்ளையும் சேராத 46 பள்ளிகளைத் தற்காலிகமாக நூலகமாக்கப் போவதாக மாநில சர்க்கார் அறிவித்தது. 2025–26 கல்வியாண்டில் இப்படி ஒரு பிள்ளையும் இல்லாமல் போன சர்க்கார் பள்ளிகளின் எண்ணிக்கை 200ஐத் தாண்டிவிட்டது. அதிகாரிகளைக் கேட்டால், "பிறப்பு விகிதம் குறைந்துவிட்டது, ஜனங்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள்" என்கிறார்கள். அது பொய்யல்ல. நம் வீடுகளிலேயே ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகள்தான். வேலை தேடிக் குடும்பத்தோடு திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்ட கிராமங்கள் உண்டு. ஆனால் அது பாதிக் காரணந்தான். பிள்ளைகள் குறைந்துவிட்ட அதே ஊரிலிருந்து காலையில் இரண்டு வேன் நிறையப் பிள்ளைகள் போகிறார்களே, அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து பிறந்தார்கள்?

மீதிப் பாதிக் காரணம் வாத்தியார் கணக்கில் இருக்கிறது. இதைத் தொழிலாளத் தோழர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். மில்லில் வேலைப்பளு கணக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1இல் அமலுக்கு வந்தது. அதன் அட்டவணை சொல்லும் கணக்கு இது: ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை என்றால் 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். 120க்கு மேல் போனால்தான் 5 பேர். அதாவது வகுப்புகள் ஐந்து, ஆனால் 60 பிள்ளைகளுக்குள் இருக்கிற கிராமத்துப் பள்ளிக்கு இரண்டே வாத்தியார்கள். 30 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று காகிதத்தில் பார்த்தால் தாராளமாகத் தெரியும். ஆனால் வகுப்பறையில் நடப்பது வேறு. அகரம் எழுதிப் பழகுகிற ஐந்து வயதுப் பிள்ளையும், வகுத்தல் கணக்குப் போடுகிற பத்து வயதுப் பிள்ளையும் ஒரே வாத்தியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. ஒருவருக்குச் சொல்லும்போது மற்றவர் சும்மா இருக்க வேண்டும். ரிங் பிரேமில் ஒருவருக்கு இரண்டு பேருடைய மிஷின்களைச் சேர்த்துக் கொடுத்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும் அல்லவா? அப்போது மேஸ்திரி தொழிலாளியைத்தான் திட்டுவான். இங்கேயும் ஊரார் வாத்தியாரைத்தான் திட்டுகிறார்கள்.

அந்த இரண்டு பேரில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவர் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போக வேண்டும், கூட்டத்துக்குப் போக வேண்டும், சத்துணவுக் கணக்கைப் பார்க்க வேண்டும், எமிஸ் என்கிற கம்ப்யூட்டர் பதிவில் பிள்ளையின் வருகை முதல் செருப்பு அளவு வரை ஏற்ற வேண்டும். மற்றவர் பயிற்சிக்குப் போயிருப்பார், அல்லது பிரசவ விடுப்பில் இருப்பார். அன்றைக்கு ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆள். சென்சஸ், தேர்தல், பேரிடர் நிவாரணம் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் தேர்தல் வேலை என்பதே எவ்வளவு நீளம்! 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் நடந்தபோது, ஆசிரியர்களும் படிவக் கட்டைச் சுமந்துகொண்டு தெருத்தெருவாய் அலைந்தார்கள். அந்த நாட்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னது யார் என்று ஒரு அதிகாரியும் கேட்கவில்லை. ஒரே ஆசிரியரோடு நடக்கிற பள்ளிகள் இந்தியா முழுவதும் 1 லட்சத்துக்கு மேல் என்று மத்திய சர்க்காரின் 2024–25 கணக்கே ஒப்புக்கொள்கிறது.

இந்தச் சக்கரம் சுற்றுகிற விதத்தைப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவரப்படி பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுக்கிறார்கள். தலை குறைந்திருந்தால் ஒரு ஆசிரியர் 'உபரி' என்று முத்திரை குத்தப்பட்டு, பணிநிரவல் என்ற பெயரில் வேறு ஊருக்கு அனுப்பப்படுகிறார். மூன்று பேர் இருந்த இடத்தில் இரண்டு பேர் ஆனதும், "அங்கே சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை" என்ற பேச்சு பரவுகிறது. அடுத்த ஆண்டு இன்னும் பத்துப் பெற்றோர் பிள்ளைகளை வேனில் ஏற்றுகிறார்கள். மறுபடி கணக்கு, மறுபடி குறைப்பு. கடைசியில் எட்டுப் பிள்ளைகளும் ஒரு வாத்தியாரும் மிஞ்சுகிறார்கள். அந்த எட்டுப் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்? காலனித் தெருப் பிள்ளைகள், கல்லுடைப்பவர் பிள்ளைகள், வேனுக்குக் கட்டப் பணமில்லாத விவசாயத் தொழிலாளியின் பிள்ளைகள். பிறகு அந்தப் பள்ளிக்கும் பூட்டு. யாரும் உத்தரவு போட்டுப் பள்ளிக்கூடத்தை மூடவில்லை என்று மந்திரிகள் சொல்வார்கள். உண்மைதான். பட்டினி போட்டுவிட்டுச் செத்தது நோயினால் என்று சர்டிபிகேட் எழுதுகிற வழி அது!

இந்த நிலையில் படிப்பு எப்படி இருக்கும்? நாட்டின் கிராமப் பகுதிகளில் 2022இலும் 2024இலும் எடுத்த அசர் சர்வேயைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களால் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்க முடியவில்லை என்று அது சொல்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தின் காயம் இதில் உண்டு. 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அந்தக் காயத்துக்கு மருந்து என்று சொல்லப்பட்டது. அட்டைகள், பாட்டுகள், பயிற்சிப் புத்தகங்கள் எல்லாம் வந்தன. நல்ல வாத்தியார்கள் அதைக்கொண்டு நல்ல வேலையும் செய்தார்கள். ஆனால் அட்டையைப் பிடித்துக் காட்டக் கை வேண்டாமா?

ஆசிரியர்கள் மேல் நமக்குக் குறை இல்லாமல் இல்லை. பத்து மணிக்கு மேல் வந்து மூன்றரைக்கே பஸ் பிடிக்கிறவர்கள் உண்டு. சொந்தப் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டுச் சம்பளம் மட்டும் இங்கே வாங்குகிறவர்கள் அதிகம். கேட்க வேண்டியதை முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். அதே சமயம் அவர்களும் கூலிக்கு வேலை செய்கிறவர்கள்தாம் என்பதை மறக்கக்கூடாது. 2009 ஜூன் 1க்குப் பிறகு வேலைக்கு வந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 5,200 என்றும், அதற்கு ஒரு நாள் முன்பு வந்தவருக்கு 8,370 என்றும் வைத்தார்கள். ஒரே பள்ளி, ஒரே வேலை, இரண்டு கூலி. அந்த அநியாயத்தை எதிர்த்து அவர்கள் பல ஆண்டுகள் போராடி வந்திருக்கிறார்கள். பதிலி என்றும் பயிற்சியாளர் என்றும் பெயர் வைத்து மில் முதலாளி செய்கிற வித்தைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பள்ளிக் கழிப்பறையைக் கழுவுகிறவருக்குக் கொடுக்கிற அற்பத் தொகையை இங்கே எழுதவே கூசுகிறது. கழிப்பறை நாறுகிறது என்று பிள்ளையை நிறுத்திக்கொள்கிற தாய், அதைக் கழுவுகிறவருக்கு என்ன கூலி என்பதையும் விசாரிக்க வேண்டும்.

கட்டடங்கள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் உதவி பெறும் பள்ளி ஒன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலமெங்கும் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடிக்கும் வேலை வேகம் பிடித்தது. இடித்தார்கள், சரி. புதிதாகக் கட்ட 5 ஆண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று 2022இல் அறிவித்தார்கள். அறிவிப்பு வேறு, செங்கல் வேறு. உங்கள் ஊரில் இடித்த இடத்தில் எழும்பியிருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். இன்னொரு பக்கம், 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல்' என்று ஒரு திட்டம் தொடங்கிக் கம்பெனிகளிடம் நன்கொடை கேட்டார்கள். காமராஜர் காலத்திலும் 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன, ஊரார் மணியும் பெஞ்சும் பலகையும் கொடுத்தார்கள். ஆனால் அன்று ஊரார் பெஞ்சு கொடுத்தால் சர்க்கார் வாத்தியாரைக் கொடுத்தது. இன்று கம்பெனி சுவருக்கு வர்ணம் பூசித் தன் பெயரை எழுதிக்கொள்கிறது. தொழிலாளிக்குச் சேர வேண்டிய போனசைக் குறைத்துவிட்டு, அவன் பிள்ளையின் பள்ளிச் சுவரில் கொடை வள்ளல் என்று பெயர் எழுதினால் அதை வாசிக்கிற நமக்கு எப்படி இருக்கும்?

மத்திய சர்க்காரின் காரியம் இன்னும் மோசம். சமக்ர சிக்ஷா என்ற திட்டத்தில் பள்ளிகளுக்கு வர வேண்டிய பணத்தில் 2024–25க்கு உரிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, புதிய கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள், அப்புறம் பணம் என்றது. கந்துவட்டிக்காரன்கூட வாங்கிய கடனுக்குத்தான் கையெழுத்துக் கேட்பான். இவர்கள் நம் வரிப் பணத்தை நமக்கே திருப்பித் தரக் கையெழுத்துக் கேட்டார்கள்! 2025 மே மாதம் மாநில சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தது. 5ஆம் வகுப்பிலேயே பரீட்சை வைத்துப் பெயிலாக்கலாம் என்பதும் தில்லியிலிருந்து வந்த யோசனைதான். 2019இல் தமிழ்நாட்டிலும் 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று உத்தரவு போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பி 2020 பிப்ரவரியில் அதை வாபஸ் வாங்கினார்கள். பத்து வயதில் பெயிலானால் பணக்காரன் பிள்ளை டியூஷனுக்குப் போகும். நம் பிள்ளை எங்கே போகும்? கோழிப் பண்ணைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகும்.

இனி, தனியார் பள்ளியை நினைத்துக்கொண்டிருக்கும் பெற்றோரோடு ஒரு வார்த்தை. இங்கிலீஷ் மேல் உங்களுக்கு இருக்கிற ஆசையை நாம் கேலி செய்ய மாட்டோம். ஆபீசிலும் கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் இங்கிலீஷ் தெரியாததால் அவமானப்பட்டவர்கள்தான் அந்த ஆசையை வளர்க்கிறார்கள். ஆனால் வேன் பள்ளிக்கூடத்தில் பிள்ளை இங்கிலீஷைக் கற்கிறதா, உருப்போடுகிறதா என்று ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். வீட்டில் கேட்டறியாத பாஷையில் விஞ்ஞானமும் கணக்கும் சொன்னால், பிள்ளைக்கு இரண்டும் போய்விடும். தாய்மொழியில் பாடம், அதோடு இங்கிலீஷை ஒரு பாஷையாக நன்றாகச் சொல்லிக் கொடுக்க நல்ல வாத்தியார், இதுவே நமது கோரிக்கை. சர்க்காரோ குறுக்கு வழி தேடிற்று. 2012–13இல் சர்க்கார் பள்ளிகளிலும் இங்கிலீஷ் மீடியம் என்று பலகை மாட்டியது. தொடக்கப் பள்ளிகளில் அதற்கென்று தனி ஆசிரியர் போடவில்லை. அதே அறை, அதே வாத்தியார், இரண்டு மீடியம். 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். அதற்கும் முதலில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை இறக்கிவிட்டு, பிறகு தொகுப்பூதியத்துக்குத் தற்காலிக ஆட்களைப் பிடித்தார்கள்.

25 சத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் இலவசமாகச் சேர்க்கலாமே என்று கேட்கலாம். சட்டத்தில் அந்த இடம் உண்டு, கிடைத்தவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். ஆனால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு சேருங்கள். அந்த உரிமை 8ஆம் வகுப்போடு முடிந்துவிடும், 9இல் முழுப் பணம் கேட்பார்கள். புத்தகம், சீருடை, வேன் என்று பல இடங்களில் முதல் நாளே தனியாக வசூல் நடக்கிறது. பணம் கொடுப்பதில் தில்லியும் சென்னையும் இழுபறி செய்ததால் 2025–26இல் இந்தச் சேர்க்கை மாதக்கணக்கில் தடைப்பட்டு, அக்டோபரில்தான் ஆரம்பித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் பிள்ளைக்காகச் சர்க்கார் கட்டுகிற அந்தப் பணம் தனியார் கல்லாவுக்குப் போகிறது, ஊர்ப் பள்ளியில் ஒரு தலை குறைகிறது. சர்க்கார் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் 7.5 சத ஒதுக்கீடு வந்தது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தனியார் பள்ளி என்றால் பத்திரம் என்று நம்புகிறவர்கள் கும்பகோணத்தை மறந்திருக்க முடியாது. 2004 ஜூலை 16 அன்று நெருக்கடியான ஒரு தனியார் பள்ளிக் கட்டடத்தில் கூரை தீப்பிடித்து 94 பிள்ளைகள் மாண்டார்கள்.

ஆகவே சர்க்கார் பள்ளியில் சேருங்கள். சேர்ப்பதோடு நின்றுவிடாமல், அதை உங்கள் பள்ளியாக நடத்துங்கள்.

சேர்க்கப் போகும்போது பயப்பட வேண்டியதில்லை. ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளி வேண்டும் என்பது சட்டப்படியான ஏற்பாடு. பிறப்புச் சர்டிபிகேட் இல்லை என்று சொல்லிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது. ஆதார் வரவில்லை, ஜாதிச் சான்று வரவில்லை என்றும் அனுப்பக்கூடாது. ஜூன் மாதம் தாண்டிவிட்டது என்று சொல்லவும் கூடாது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்விட்டு நடு ஆண்டில் திரும்புகிற குடும்பத்தின் பிள்ளையையும் சேர்த்தே தீர வேண்டும். திருப்பூர், கோவை மில் குடியிருப்புகளில் இருக்கிற பீகார், ஒடிசாத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் இதே உரிமை உண்டு. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, பள்ளிக்கூடம் எங்கே என்றும் தெரியாது. நம் சங்கத் தோழர்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனால் பள்ளிக்கும் நாலு தலை கூடும். அடிப்பதும் அவமானப்படுத்துவதும் அதே சட்டத்தில் தடை செய்யப்பட்டவை. அடி வாங்கிய பிள்ளையின் தகப்பன், "இன்னும் இரண்டு போடுங்கள் சார்" என்று சொல்லிவிட்டு வருகிற பழக்கத்தை இனி விட வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 2022இல் தமிழ்நாட்டுச் சர்க்கார் பள்ளிகளில் 20 பேர் கொண்ட குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. பல ஊர்களில் இந்தக் குழு ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுகிற குழுவாகவே இருக்கிறது. மில்லில் ஒர்க்ஸ் கமிட்டியை முதலாளி கைப்பாவை ஆக்க முயன்றபோது நாம் என்ன செய்தோம்? நம் ஆட்களை நிறுத்தி ஜெயித்தோம். இங்கேயும் அதே வழிதான். களை எடுக்கப் போகிற தாய் கூட்டத்துக்கு எப்படி வருவாள் என்று கேட்பார்கள். கூட்டத்தைச் சாயங்காலம் வை என்று அவள் கேட்கட்டும்.

கூட்டத்தில் என்ன கேட்பது? வர்ணம் வேண்டாம், வளைவு வேண்டாம். பிள்ளைகள் எண்ணிக்கை எதுவானாலும் வகுப்புக்கு ஒரு ஆசிரியர் என்று விதியை மாற்ற வேண்டும். அது வரும் வரை எந்தப் பள்ளியிலும் மூன்று பேருக்குக் குறையக்கூடாது. ஒருவர் நீண்ட விடுப்பில் போனால் அந்த வாரமே மாற்று ஆசிரியர் வர வேண்டும். எமிஸ் பதிவுக்குத் தனி ஆள் வேண்டும். சமையல் செய்பவருக்கும் கழிப்பறை கழுவுபவருக்கும் மாதச் சம்பளம் என்று சொல்லத் தகுந்த கூலி வேண்டும். இவற்றைத் தீர்மானமாக எழுதி, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் கலெக்டருக்கும் அனுப்பி, கிராம சபையிலும் நிறைவேற்றுங்கள். ஒரு நகல் சங்க ஆபீசில் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 1க்கு முன்பாக ஒவ்வொரு கிளையும் தன் தெருவில் ஐந்து வயது நிறைந்த பிள்ளைகள் எத்தனை, அவர்கள் எந்தப் பள்ளியில் பெயர் பதிந்திருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய் எழுதி வைக்க வேண்டும். அந்தத் தேதியில்தான் அதிகாரிகள் தலையை எண்ணுவார்கள், வாத்தியாரை எடுப்பதா விடுவதா என்று தீர்மானிப்பார்கள். அவர்களுடைய கணக்குக்கு முன்னால் நம் கணக்கு தயாராக இருக்க வேண்டும்.